ஆற்றோடு போன மெழுகுத் துண்டு

கஷ்ட காலத்திலும் கேலி பேசுவதை நிறுத்தாத என் பிரிய மச்சானுக்கு,

நலமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்டால் அதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிப்பீர்கள். அதனால் இங்கே உள்ள நலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னீர்த் திராட்சை இந்தப் போகம் சுமார்தான். பழுக்கிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது, கொஞ்சம் பழம் வெடித்துவிட்டது. வியாபாரி வந்து பந்தலுக்குக் கீழே நின்று வழக்கம்போல உதட்டைப் பிதுக்கினான். நீங்கள் அவனைத் திட்டுகிற அதே வார்த்தையில் அக்கா திட்டினாள். என்ன வார்த்தை என்று இங்கே எழுத முடியாது, நாலு பேர் படிப்பார்கள்.

அந்த நாலு பேருக்காக ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மச்சான் என்றால் என் அக்கா பவுன்தாயின் வீட்டுக்காரர். ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். நான் உத்தமபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். போன வருடம் மச்சான் நுரையீரல் புற்றுநோயில் எங்களை விட்டுப் போனார். அவருக்கு இருந்தது எந்த வகை என்று அவர் உயிரோடு இருந்தவரை எங்களுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் என் அக்கா இத்தனை நாளாகக் கிடந்து வெந்தாள்.

குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறேன் மச்சான். முன்பெல்லாம் குழப்பம் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிடுவேன். நீங்கள் சொல்கிற யோசனையில் பாதிக்கு மேல் தப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்டுவிட்டு வந்தால் மண்டைக்குள் இரைச்சல் குறையும். இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

பீடி சிகரெட் எதையும் தொட்டவரில்லை நீங்கள். உங்களுக்கு நுரையீரலில் கட்டி என்றதும், வெறும் வாயை மெல்கிற ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. தோட்டத்துக்கு அடித்த மருந்து நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள் பாதிப் பேர். ஒளிந்து ஒளிந்து பீடி குடித்திருப்பார் என்றார்கள் மீதிப் பேர். உங்கள் சித்தப்பா செய்வினை என்றார். எதனால் வந்தது என்று மதுரை டாக்டரிடம் கேட்டேன். ‘இதனாலதான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதுங்க’ என்றார். இத்தனை பேரில் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான், அதனாலேயே எனக்கு அவர் மேல் ஒரு நம்பிக்கை வந்தது.

அவர் சொன்னதை நீங்கள் காதில் வாங்கினீர்களோ இல்லையோ, நான் உற்றுக் கேட்டேன். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஜீன்கள் வரிசையாக இருக்கின்றன. எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று செல்லுக்குச் சொல்வது அவைதான். சிலருக்கு ஒரு ஜீன் நடுவில் முறிந்து, வேறெங்கோ முறிந்து கிடக்கிற இன்னொரு ஜீனின் துண்டோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டியது ‘வளரு, வளரு’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். புகைபிடிக்காதவர்களுக்கு வருகிற நுரையீரல் புற்றில் இது கூடுதலாகத் தென்படுமாம். ஒட்டு இருந்தால் அதை அடக்கவென்றே மாத்திரை இருக்கிறது. இல்லாவிட்டால் நரம்பில் ஏற்றுகிற ட்ரிப் மருந்துதான்.

எனக்குத் தெரிந்ததை வைத்து நான் புரிந்துகொள்ளப் பார்த்தேன். ஸ்டார்ட்டரில் காண்டாக்ட் சூட்டில் ஒட்டிக்கொண்டால் ஆஃப் பட்டனை எத்தனை அமுக்கினாலும் மோட்டார் நிற்காது, அந்த மாதிரியா என்று கேட்டேன். ‘கிட்டத்தட்ட. ஆனா இங்க ஒட்டுறது ரெண்டு வேற வேற மோட்டாரோட ஒயரு’ என்றார். அதோடு எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச விளக்கமும் போய்விட்டது.

ஊசி விட்டு எடுத்த உங்கள் சதையை மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள். தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. அதை வெளியூர் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால்தான் ஒட்டு இருக்கிறதா என்று பார்க்க முடியும். தேனியில் வாங்கி அனுப்புகிற இடம் ஒன்று இருந்தது. மதுரையில் அந்தத் துண்டைக் கவரில் போட்டுக் கொடுத்தவர் அக்காவிடம், ‘பத்திரம்மா, உங்க வீட்டுக்காரரு நோயி இதுக்குள்ளதான் இருக்கு’ என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை. தேனிக்குப் போகிற வழியில் குச்சனூருக்குப் போய்விட்டுப் போகலாம் என்றாள் அக்கா. நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நோயில் விழுந்தவர் உடுத்திய துணியைச் சனீஸ்வரர் கோயில் ஆற்றில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து எள் விளக்குப் போட வேண்டும். பீடை அதோடு போய்விடும். நான் விளக்கு வாங்க நின்றேன். அக்கா உங்கள் கட்டம் போட்ட சட்டையை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு இறங்கினாள்.

தேனியில் போய்க் கவரைப் பிரித்தால் உள்ளே டாக்டர் எழுதிய சீட்டு மட்டும்தான் இருந்தது.

‘மெழுகுத் துண்டு எங்கக்கா?’

‘ஆத்துல விட்டுட்டேன்.’

‘ஏன்க்கா?’

‘என்னடா கேள்வி இது? அதுதான நோயி? அவுக உடம்புலருந்து பிடுங்கி எடுத்தத மறுபடி மடியில வச்சுக்கிட்டு ஊரூரா அலையவா? சட்டைக்குள்ள வச்சுச் சுருட்டி விட்டுட்டேன். போகட்டும் சனியன்.’

அப்படிச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் மறக்க முடியவில்லை மச்சான். காரியத்தைக் கெடுத்துவிட்டாய் என்று கத்தினேன். அவளுக்கு எதைக் கெடுத்தோம் என்றே விளங்கவில்லை. திரும்பக் குச்சனூருக்கு ஓடிப்போய் ஆற்றில் தேடினேன். ஆற்றோரம் முள்ளில் யார் யாருடைய சட்டையோ மாட்டிக் கிடந்தது, உங்களுடையது இல்லை.

நீங்கள் கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். ‘விடு மாப்ள. சோதன பண்ணத்தான அனுப்புனோம்? சனீஸ்வரரே பண்ணட்டும். அவருக்கு அதுல நல்ல பழக்கம்’ என்றீர்கள். சிரித்ததில் இருமல் வந்து, அக்கா வெந்நீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மறுபடி ஊசி போட்டு எடுக்கலாம் என்றார் டாக்டர். முதல் ஊசியிலேயே நுரையீரலில் காற்றுக் கசிந்து, விலாவில் குழாயோடு கிடந்தவர் நீங்கள். ‘இன்னொருக்கா என்னையப் பஞ்சர் பண்ண விடமாட்டேன்’ என்று சொல்லிவிட்டீர்கள். ட்ரிப் மருந்து ஏற்றினார்கள். கொஞ்ச காலம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

நீங்கள் போனபோதுகூட அக்காவுக்கு அந்தத் துண்டின் ஞாபகம் இல்லை. மற்ற பெண்களைப் போல அழுதாள், எழுந்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். பிறகுதான் தேவதானப்பட்டி டீச்சர் வந்தார். மதுரையில் ட்ரிப் ஏற்றுகிற ஹாலில் உங்களுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரே, அவரேதான். அன்றைக்கு நடக்க முடியாமல் மகன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தவர், துக்கம் கேட்கத் தனியாகப் பஸ் பிடித்து வந்திருந்தார்.

‘எனக்கு அந்த ஒட்டு இருந்துச்சுங்க. மாத்திரைதான். முழுசாச் சரியாகும்னு சொல்லல. ஆனா பள்ளிக்கூடம் போயிட்டு வாரேன்’ என்றார்.

‘ஒட்டு இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுச்சு?’ என்று கேட்டாள் அக்கா.

‘அந்த மெழுகுத் துண்டத்தான அனுப்பிப் பாத்தாக.’

அவ்வளவுதான். டீச்சர் பஸ் ஏறிப் போய்விட்டார். அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரே பேச்சுதான்: ‘நாந்தான் அவுகளக் கொன்னேன்.’ உன் தப்பு இல்லை என்று நானும் சொன்னேன், உங்கள் மகள் கயல் போடியிலிருந்து வந்து சொன்னாள், ஊரே முறை வைத்து வந்து சொன்னது. கேட்பாள், தலையாட்டுவாள், சோற்றைப் பிசைந்துவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவாள். தோட்டத்துப் பக்கமே போகவில்லை. கொடி வெட்டுகிற கவாத்து நேரத்தில் நானே ஆள் வைத்துப் பார்த்தேன். எப்படிப் பார்த்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த நேரத்தில் தேனியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். மைக்ராஸ்கோப்பில் சதை பார்க்கிற டாக்டரம்மா நடத்துகிற இடம் அது. மோட்டாரைக் கழற்றிக்கொண்டே நம் கதையைச் சொன்னேன். எங்கே போனாலும் இப்போது உங்கள் கதைதான் எனக்கு. கேட்டுவிட்டு அவர் சாதாரணமாக, ‘மெழுகுக் கட்டி போனா என்னங்க? அதுலருந்து சீவின கண்ணாடி மதுரையில இருக்கணுமே’ என்றார். மெழுகைத் தாள் மாதிரிச் சீவிக் கண்ணாடியில் ஒட்டித்தான் பார்ப்பார்களாம். சில இடங்களில் கூடுதலாகச் சீவியதை எடுத்து வைத்திருப்பார்களாம். அதை வைத்தே ஒட்டு இருந்ததா என்று இன்றைக்கும் பார்க்கலாமாம்.

கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றேன். அன்றைக்கே இதை ஏன் யாரும் சொல்லவில்லை? நாங்கள் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லையா? அதை நினைத்து எரிச்சல் படுவதா, இப்போதாவது தெரிந்ததே என்று சந்தோசப்படுவதா?

பிறகு வேறு பயம் வந்தது. ஒட்டு இல்லை என்று வந்தால் அக்கா பிழைத்துக்கொள்வாள். இருந்தது என்று வந்தால்? அவள் கையால் ஆற்றில் விட்டது உங்கள் மாத்திரையை என்று ஆகிவிடுமே. உங்களுக்கோ இனி எந்தப் பதிலாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. சும்மா கிடக்கிற சங்கை எதற்கு ஊத வேண்டும்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்றால், ஒரே ஒரு பொய் சொல்லி என் அக்காவுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்க வைக்கக் கூடாதா? பார்க்காமலே ‘ஒட்டு இல்லையாம்’ என்று சொல்லிவிட்டால் என்ன?

டாக்டரம்மாவிடமே இதைக் கேட்டேன். ‘பொய் சொல்ல என்னையக் கூப்பிடாதீங்க. அதுவுமில்லாம, மதுரையில கண்ணாடி குடுக்கணும்னா உங்க அக்கா கையெழுத்து வேணும்’ என்றார். டாக்டர் வாயால் வராமல் நான் சொன்னால் அக்கா நம்பமாட்டாள். என் பொய்க்கு ஆயுசு அவ்வளவுதான்.

பயந்து பயந்து அக்காவிடம் சொன்னேன். அவள் சண்டை போடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, ‘அப்படியா? இப்பவே போவோம்’ என்று சேலை மாற்றப் போனாள்.

‘அக்கா, இருந்துச்சுன்னு வந்தா என்ன செய்வ?’

‘வரட்டும்.’

என்ன தைரியம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ‘வரட்டும்’ எனக்கு விளங்கவில்லை மச்சான்.

கண்ணாடிகள் மதுரையில் இருந்தன. தேனி டாக்டரம்மா வாங்கி அனுப்பிவைத்தார். காத்திருந்த நாளில் கயல் எனக்குப் போன் போட்டு, ‘மாமா, ஜீனுங்கறாகளே, அப்ப எனக்கும் வருமா? எம் பிள்ளைக்கு வருமா?’ என்று கேட்டாள். டாக்டரம்மாவைக் கேட்டுச் சொன்னேன். இந்த ஒட்டு தாய் தகப்பனிடமிருந்து இறங்குவதில்லை, கட்டியாகிற செல்லுக்குள் வாழ்க்கையில் எப்போதோ நடக்கிற முறிவு, பிள்ளைகளுக்குப் போகாது என்றார். கயல் தெளிந்துவிட்டாள். நான்தான் அந்த ‘எப்போதோ’வைப் பிடித்துக்கொண்டேன். உங்களுக்கு அப்படி ஒன்று நடந்திருந்தால், எப்போது நடந்திருக்கும்? தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோதா? என்னோடு சீட்டாடி என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தபோதா? உள்ளே ஒன்று முறிந்து மாறி ஒட்டும்போது வெளியே ஒரு சின்னச் சத்தம்கூடவா கேட்காது?

பதில் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். நானும் அக்காவும் போனோம். வழியெல்லாம் எனக்குத்தான் வியர்த்தது. அக்கா தலை நிறையப் பூ வைக்கிற காலத்தில் கல்யாண வீட்டுக்குப் போவாளே, அந்த மாதிரி நேராக உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. ‘இல்லம்மா. உங்க வீட்டுக்காரருக்கு ஒட்டு இல்ல’ என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். சத்தம் போட்டுச் சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

‘நல்லாப் பாத்தீகளா?’ என்றாள் அக்கா.

‘நல்லாப் பாத்தாச்சு. சதை போதுமான அளவு இருந்துச்சு. இன்னிக்குத் தெரிஞ்ச ஒட்டு அத்தனையும் தேடிட்டாங்க. ஒரு கண்ணாடி மிச்சம்கூட இருக்கு.’

‘அப்ப அந்த மாத்திரை?’

‘அவருக்கு வேலை செஞ்சிருக்காதும்மா. அந்தத் துண்டு அன்னிக்கே போய்ச் சேர்ந்திருந்தாலும் இதே ட்ரிப்தான் ஏத்தியிருப்பாங்க. நீங்க எதையும் கெடுக்கல.’

அக்கா கும்பிட்டுவிட்டு எழுந்தாள். வெளியே வந்ததும் நான் சந்தோசம் தாங்காமல் கடையில் வடையும் டீயும் வாங்கினேன். அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. பாரம் இறங்கிய அசதி என்று நினைத்து நான் அவள் பங்கு வடையையும் தின்றேன். உங்கள் மாப்பிள்ளையின் புத்தி அவ்வளவுதான்.

பஸ் சின்னமனூரைத் தாண்டியதும் அழ ஆரம்பித்தாள். நீங்கள் நடுவீட்டில் கிடந்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை அவள். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் வந்து ‘என்னம்மா, நகை எதுவும் போயிருச்சா?’ என்று கேட்டார்.

‘என்னக்கா இது, ஒன் தப்பு இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாகளே’ என்றேன்.

‘அதுக்குத்தான்டா அழுகுறேன். நான் ஆத்துல போட்டதுனாலதான் போனாகன்னா, போடாம இருந்தா இருந்திருப்பாகல்ல? தெனமும் அதத்தானடா நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். அந்தத் துண்ட தேனில குடுக்குறேன், மாத்திர வருது, அவுக எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போறாக. தெனமும் போனாகடா. இப்ப அதுவும் இல்லேங்குறாகளே. அவுகளுக்கு ஒரு வழிகூடவா இல்லாமப் போச்சு? என் தப்பாவே இருந்திருக்கக் கூடாதா?’

கண்டக்டர் டிக்கெட் கொடுக்க முன்னால் போய்விட்டார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள் மச்சான். நான் அக்காவுக்கு நல்லது செய்தேனா? அவள் தலையில் இருந்த பழியை எடுக்கிறேன் என்று போய், அவள் தனியாக வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்த உங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேனா? உண்மை தெரிந்தால் மனசு தெளியும் என்றார்கள். உண்மை தெரிந்துவிட்டது. அவள் தெளியவில்லை, நானும் தெளியவில்லை. இருந்தது என்று வந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? இதைவிட நன்றாக இருந்திருப்பாளா? அப்படி நினைப்பதே பாவம் போலவும் இருக்கிறது. உங்களுக்கு ஒட்டும் இல்லை, பீடியும் இல்லை என்றால் எதனால்தான் வந்தது? டாக்டரம்மாவிடம் கேட்டேன். தெரிந்ததைத்தான் தேட முடியும், தெரியாதது இன்னும் எத்தனையோ இருக்கிறது என்றார்.

அக்கா மறுபடி தோட்டத்துக்குப் போகிறாள். சாப்பிடுகிறாள். வியாபாரியைத் திட்டுகிறாள் என்று முதலிலேயே சொன்னேன். பார்க்கிறவர்கள் தேறிவிட்டாள் என்கிறார்கள். ‘பாத்தியா, நாங்க அன்னைக்கே சொன்னம்ல, ஒன் தப்பு இல்லன்னு’ என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் கூடையை எடுத்துக்கொண்டு அங்கிருந்து நகர்ந்துவிடுகிறாள்.

நேற்று பந்தலுக்குக் கீழே குலை நறுக்கிக்கொண்டிருந்தோம். எனக்கு முகம் காட்டாமல் கேட்டாள்.

‘ஏலே, அந்த டாக்டரம்மா ஒரு கண்ணாடி மிச்சம் இருக்குன்னாகல்ல? இன்னொருக்கா பாப்பாகளா?’

‘கேக்குறேன்க்கா’ என்றேன்.

திங்கட்கிழமை தேனிக்குப் போகிறேன் மச்சான். டாக்டரம்மா கோபிப்பார், இதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்பார். கெஞ்சிக் கேட்பேன். அவர் முடியாது என்றால் வேறு இடம் விசாரிப்பேன். ‘உன் தப்பு இல்லை’ என்று இனி அக்காவிடம் என் வாயால் சொல்லமாட்டேன். இன்னொரு தடவை எதற்குப் பார்க்கச் சொல்கிறாய் என்று அவளை ஒருநாளும் கேட்கமாட்டேன். உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் பவுன்தாயின் தம்பி,
உங்கள் மாப்பிள்ளை.